எருவை எண்ணி விதையைப் போடுவோம்

(புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் காய்கறி விவசாயிகளும் பஞ்சாயத்து அன்பர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மேட்டுப்பாளையம் என்றதும் தமிழ் நாட்டில் பலருக்கு நீலகிரி அடிவாரத்து ஊர்தான் நினைவிற்கு வரும். அங்கே மலைக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் மண்டிகளில் மலை போலக் குவிகின்றன. நாம் கூடியிருப்பதோ புதுச்சேரி நகரை ஒட்டிய மேட்டுப்பாளையம். இங்கே கண்ணில் படுபவை தொழிற்பேட்டையின் ஆலைக் கூரைகளும், வரிசையாய் நிற்கும் சரக்கு லாரிகளும், புதிது புதிதாக எழும் வீடுகளும். இந்த ஊரில் காய்கறித் தோட்டத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இவ்வூர் அடங்கிய நகராட்சியின் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். உழவர்கரை என்பதல்லவா அதன் பெயர்! பெயரில் உழவர் இருக்கிறார். நிலத்திலும் அவர் இருக்க வேண்டுமானால் என்ன செய்யவேண்டும் என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

இப்பக்கத்தில் எஞ்சியுள்ள தோட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. ஐம்பது சென்ட், எண்பது சென்ட், மிஞ்சினால் ஒன்றரை ஏக்கர். இவற்றை மனைகளாகப் பிரித்து விற்றால் கிடைக்கும் தொகையைப் பத்து ஆண்டுக் கத்தரிக்காயும் தந்துவிடாது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆயினும் விற்ற தொகை ஒரு முறைதான் வரும். நகரத்தின் வாயிலிலேயே தோட்டம் வைத்திருப்பவருக்கு, காலையில் பறித்த கீரையை வெயில் ஏறுமுன் விற்றுக் காசாக்கும் வசதி ஆண்டு முழுவதும் உண்டு. அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்த, இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் இல்லாமல் விளைத்த காய்கறிக்கு நகர மக்களிடையே வளர்ந்துவரும் விருப்பம் ஒரு நல்ல வாய்ப்பு. இவ்வாய்ப்பை எவ்வாறு பற்றிக்கொள்வது, இந்த மாசி மாதத்திலிருந்து வைகாசி வரையில் என்னென்ன வேலைகளை எந்த முறையில் செய்வது என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாம் கற்ற பாடம்

முதலில் நமது தவறு ஒன்றைச் சொல்லிவிடுவது முறையாகும். நாம் பணியேற்ற புதிதில், வேறொரு வட்டாரத்தில், இயற்கை வேளாண்மையைப் பற்றி ஊர் ஊராகப் பேசினோம். "உர மூட்டையை இன்றே நிறுத்துங்கள், மண் தானே தேறிவிடும்" என்று மேடையில் முழங்கினோம். எண்பது சென்ட் நிலமுடைய ஒரு விவசாயி அதை நம்பினார். அவ்வாண்டு மாசியில் நட்ட கத்தரிக்கு யூரியாவை அடியோடு நிறுத்தினார். இரண்டு வண்டி எரு மட்டும் போட்டார். செடி வெளிறிற்று, வளர்ச்சி குன்றிற்று, காய் பாதியாகக் குறைந்தது. கைமாற்றாக வாங்கிய கடனைக் கொடுக்க வழியில்லாமல், இருந்த ஒரே கறவை மாட்டை விற்றுவிட்டார்.

ஒரு நாள் அவர் அலுவலகத்திற்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, மாட்டை விற்றுவிட்டேன். இனி எருவுக்கு நான் எங்கே போவேன்?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. எத்தனையோ பயிற்சி முகாம்களில் கேட்டறியாத பாடத்தை அந்த ஒரு கேள்வி கற்றுக்கொடுத்தது. உரத்தை நிறுத்தும்படி சொல்வது எளிது. அதற்கு ஈடாக மண்ணிற்கு எதை, எவ்வளவு, எங்கிருந்து கொடுப்பது என்று கணக்குப் பார்த்துச் சொல்லாதவரின் அறிவுரை, விவசாயியின் தலையில் ஏற்றும் சுமையேயாகும்.

ஒரு தனி மனிதருக்கு நேர்ந்தது ஒரு நாட்டிற்கும் நேர்ந்தது. நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இரசாயன உரங்களையும் பூச்சிகொல்லிகளையும் இறக்குமதி செய்வதற்கு அரசு தடை விதித்தது. போதிய இயற்கை உரத்தைத் திரட்டவும், உழவரைப் பழக்கவும் காலம் தரப்படவில்லை. நெல் விளைச்சல் குறைந்தது; தேயிலைத் தோட்டங்களும் பாதிக்கப்பட்டன; விவசாயிகள் வீதிக்கு வந்தனர். அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இயற்கை வேளாண்மை தவறு என்பது இதன் பொருளன்று. எருவைச் சேர்க்குமுன் உரத்தை நிறுத்துவது தவறு என்பதே இதன் பொருள்.

முதற் கணக்கு எருக் கணக்கு

ஆகவே, விதையைக் கையில் எடுக்குமுன் எருவை எண்ணிப் பார்ப்போம். காய்கறிப் பயிருக்கு ஏக்கருக்குப் பத்து டன் மக்கிய தொழு உரம் அடியுரமாக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாடுகள் ஓராண்டில் இடுவது 7,300 கிலோ. அது மக்கி முடியும்போது எடையில் பாதியோ அதற்கும் குறைவோதான் நிற்கும். ஆக, இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் ஆண்டு இறுதியில் உள்ள எரு மூன்று, மூன்றரை டன். ஒரு ஏக்கருக்கு, ஒரு போகத்திற்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் அது. நமது எண்பது சென்ட் நண்பர் ஏன் தோற்றார் என்பது இந்தச் சிறு கணக்கிலேயே விளங்கிவிடும்.

மீதியை எங்கிருந்து பெறுவது? மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது வழி பசுந்தாள் உரம். தோட்டத்தை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோடையிலும் ஒரு பாகத்தைக் காய்கறிக்கு விடாமல் சணப்பைக்கோ தக்கைப்பூண்டிற்கோ விடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை போதும். நாற்பத்தைந்து நாட்கள் கழித்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், ஏக்கர்க் கணக்கில் ஐந்து டன்னுக்குக் குறையாத பசுந்தழை மண்ணில் சேரும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்து வைக்கின்றன. யூரியா ஆலை பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்யும் வேலையை அவை ஓசையின்றிச் செய்கின்றன.

இரண்டாவது வழி கம்போஸ்டு. இந்தியாவில் பணியாற்றிய சர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, 1924 முதல் 1931 வரையில் இந்தூரிலிருந்து நடத்திய ஆய்வுகளில், நமது விவசாயிகளின் பழக்கத்தைக் கூர்ந்து கவனித்துக் கம்போஸ்டு செய்யும் முறை ஒன்றை வகுத்தார். உலகம் முழுவதும் அது இந்தூர் முறை என்றே வழங்குகிறது. காய்ந்த சருகு, செடித் தட்டு, களை ஆகியவற்றை ஒரு சாண் கனத்திற்குப் பரப்பி, அதன்மேல் சாணக் கரைசலைத் தெளித்து, சிறிது மண் தூவி, மறுபடியும் அவ்வாறே அடுக்கிக்கொண்டு போகவேண்டும். பிழிந்த துணியில் உள்ள ஈரம் இருந்தால் போதும். பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் என்று மூன்று முறை கிளறிப் புரட்டினால் மூன்று மாதங்களில் எரு ஆயத்தமாகிவிடும். இன்று மாசியில் தொடங்கும் குவியல் வைகாசியில் கைக்கு வரும். ஆடிப்பட்டத்திற்கு அதை நம்பலாம். கோடையில் குவியலை நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்கிவிடுமாதலால் மேட்டில் குவித்து ஓலை வேயுங்கள்.

மூன்றாவது வழி நகரம். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

நகரம் கழிப்பதை நகரத்திற்கே ஊட்டுவோம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான சிறு காய்கறித் தோட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓரிரு ஏக்கர்தான். அந்நகரத்துக் குதிரை லாயங்களின் சாணத்தைத் தோட்டக்காரர்கள் வண்டி வண்டியாக வாங்கிப் பாத்திகளில் நிரப்பினார்கள். சாணம் நொதிக்கும் சூட்டில் குளிர்காலத்திலும் கீரையும் முள்ளங்கியும் விளைந்தன. நகரம் கழித்தது நகரத்திற்கே உணவாகத் திரும்பிற்று. பின்னர் மோட்டார் வாகனங்கள் வந்தன, குதிரைகள் மறைந்தன, சாணம் அருகிற்று, நகரமும் பரந்து நிலத்தை விழுங்கிற்று. அத்தோட்டங்களும் படிப்படியாக மறைந்தன. மாட்டை இழந்த நமது நண்பருக்கும் குதிரையை இழந்த பாரிஸ் தோட்டக்காரருக்கும் நேர்ந்தது ஒன்றேதான்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நமது புதுச்சேரிக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. நகரின் பெரிய மார்க்கெட்டில் நாள்தோறும் மிஞ்சும் காய்கறிக் கழிவு, ஓட்டல்களின் இலை, வீடுகளின் சமையல் மிச்சம், தென்னை மட்டை, கோயில்களின் மாலைப் பூ, கரும்புச் சாறு கடைகளின் சக்கை ஆகியவை எல்லாம் எருவின் மூலப்பொருள்கள். இவை பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் கலந்துவிட்டால் குப்பை. பிரித்து வைத்தால் செல்வம். நமக்கு அருகிலுள்ள குரும்பாபேட்டில் பல ஆண்டுகளாகக் குவிந்த நகரக் குப்பையை நாம் எல்லோரும் அறிவோம். கலந்த பிறகு பிரிப்பதற்கு எவ்வளவு செலவும் உழைப்பும் ஆகும் என்பதையும் அறிவோம். பிரித்த கழிவில் ஒரு பங்கேனும் தோட்டக்காரர்களுக்குக் கிடைக்குமாறு பஞ்சாயத்து அன்பர்களும் நகராட்சி நண்பர்களும் ஏற்பாடு செய்தால், நகரின் சுமையும் குறையும், தோட்டத்தின் பசியும் தீரும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தொழிற்சாலைகளின் அருகே உள்ள வாய்க்கால் நீரையோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கசடையோ தோட்டத்தில் விடலாகாது. கன உலோகங்கள் மண்ணில் ஒருமுறை புகுந்தால் எந்தப் பஞ்சகவ்வியமும் அவற்றை வெளியேற்றாது. ஆதலால் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்துக்கொள்வது முதற்கடமை. இதற்கு நாம் தொலைவில் போகவேண்டியதில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக வேளாண் அறிவியல் நிலையம் ஏற்பட்டது 1974ஆம் ஆண்டில் நமது புதுச்சேரியில்தான். இன்று பெருந்தலைவர் காமராசர் பெயரால் குரும்பாபேட்டில் விளங்கும் அந்நிலையம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. நாட்டிலுள்ள எழுநூறுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு மூத்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மண்ணைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடுவது நமக்கு அழகன்று.

மாசி, பங்குனி வேலைகள்

இனித் தோட்டத்து வேலைகளுக்கு வருவோம். நம் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, வயலும் தோட்டமும் நீரில் மூழ்கியதை மறக்க முடியாது. அத்தகைய மழைக்குப் பிறகு செம்மண் நிலத்தின் மேற்பரப்பு இறுகி, ஓடுபோல் ஆகிவிடுகிறது. ஈரம் முற்றிலும் வறளுமுன் ஓர் உழவு உழுது அந்த ஓட்டை உடைக்கவேண்டும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பயிரில்லாத பாகத்தைக் கோடையில் உழுது வெயிலில் காயவிட்டால், மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். கோரைக் கிழங்கும் வற்றும்.

மாசியில் விதைக்கத் தக்கவை வெண்டை, கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி, கீரை வகைகள். வெண்டை 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். பாகலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மாசியில் நாற்றுவிட்டுப் பங்குனியில் நடலாம். தக்காளியைக் கடுங்கோடையில் புதியவர்கள் நம்ப வேண்டாம். இரவிலும் வெப்பம் தணியாதபோது அதன் பூக்கள் உதிரும், காய் பிடிக்காது.

நாற்றங்காலை ஒரு சாண் உயரத்திற்கு மேட்டுப்பாத்தியாக அமையுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடியோ, 10 கிராம் சூடோமோனாசோ கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். நாற்றங்காலின்மேல் நெருக்கமான கண்களையுடைய நைலான் வலையைப் போர்த்தினால் வெள்ளை ஈ அண்டாது. வெண்டையில் நரம்பு மஞ்சளிக்கும் நோயைப் பரப்புவது இந்த வெள்ளை ஈயே. அந்நோய் கண்ட செடிக்கு மருந்து இல்லை; கண்ட அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி. ஒரு செடியின்மேல் இரக்கம் காட்டினால் ஒரு பாத்தியையே இழப்போம்.

கீரையைப் பற்றித் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். எல்லாப் பாத்திகளிலும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, ஒரே நாளில் பறித்து, வந்த விலைக்குக் கொடுப்பதுதான் நம்மில் பலருடைய பழக்கம். சிறுகீரையும் அரைக்கீரையும் ஏறத்தாழ 25 நாட்களில் முதற் பறிப்பிற்கு வந்துவிடுகின்றன. ஏழு பாத்தி போட்டு, நான்கு நாட்களுக்கு ஒரு பாத்தியாக விதைத்து வாருங்கள். ஏழாவது பாத்தி விதைக்கும் சமயத்தில் முதற்பாத்தி பறிப்பிற்கு வந்திருக்கும். பின்பு ஆண்டு முழுவதும் நான்கு நாட்களுக்கு ஒருமுறை கைக்குக் காசு வரும். பால் பணமும் கீரைப் பணமும்தான் சிறு குடும்பத்தைக் கந்துவட்டியிலிருந்து காக்கும் என்பதை நாம் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

நீரைக் காத்தல்

சித்திரை, வைகாசியில் நீரே பெரிய கவலை. ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்கவேண்டுமானால் 4,000 லிட்டர் வேண்டும். நிலம் முழுவதையும் மூடி நிற்கும் பயிர் கோடை நாளில் ஐந்து மில்லிமீட்டர் நீரைச் செலவிடும் என்று கொண்டாலும், நாளொன்றுக்கு 20,000 லிட்டர் ஆகிறது. இதை நிலத்தடியிலிருந்தே இறைத்துக்கொண்டிருந்தால், கடலுக்கு அருகிலுள்ள நமக்கு என்ன நேரும் என்பது தெரிந்ததே. நல்ல நீர் கீழே இறங்க இறங்க, கடல் நீர் உள்ளே நுழைகிறது. புதுச்சேரிக் கடலோரத்துக் கிணறுகள் பல இவ்வாறு உவர்த்துவிட்டன. உவர்த்த கிணற்றை மீட்பது மிகக் கடினம்.

ஆகவே சொட்டுநீர்க் குழாய் வைக்கக்கூடியவர்கள் வையுங்கள். வைக்க இயலாதவர்கள் மாலையில் பாய்ச்சுங்கள். எல்லோரும் தவறாமல் செய்யக்கூடியது மூடாக்கு. வைக்கோல், சருகு, கரும்புச் சோகை, தென்னோலை ஆகியவற்றில் எது எளிதில் கிடைக்கிறதோ, அதை நான்கு விரற்கடை கனத்திற்குச் செடிகளின் இடையே பரப்புங்கள். வெயில் நேரே மண்ணைச் சுடாது; களை குறையும்; மண்புழு மேலே வந்து வேலை செய்யும்; அடுத்த பருவத்தில் மூடாக்கே எருவாகிவிடும். சருகைக் கூட்டித் தீ வைக்கும் பழக்கம் இன்னும் நம்மிடையே உள்ளது. அது எருக்குழியைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

அதே கணக்கை மழைக்கும் போட்டுப் பாருங்கள். ஆண்டில் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கர்மேல் விழும் நீர் 48 இலட்சம் லிட்டர்! இதில் பத்தில் ஒரு பங்கைப் பண்ணைக் குட்டையில் தேக்கினாலும் எத்தனை நாள் பாசனத்திற்கு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குட்டை வெட்டுவதற்கும், ஏரி குளங்களின் வரத்து வாய்க்கால்களைத் தூர் எடுப்பதற்கும் இந்தக் கோடை மாதங்களே உகந்தவை. பஞ்சாயத்து அன்பர்கள் ஊரக வேலைத் திட்டங்களில் இவற்றிற்கே முதலிடம் தரவேண்டும். இங்கிருந்து சில கல் தொலைவில், 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேடு பெருமளவிற்கு மரமின்றி, மழைநீர் அரித்த பள்ளங்களோடு கிடந்தது. வரப்பு எழுப்பி, ஓடும் நீரை நிறுத்தி, மரம் வைத்த பின்னரே அங்கே தோட்டங்கள் எழுந்தன. மண் அதே மண்தான். ஓடிய நீர் நின்றது, அவ்வளவே.

பூச்சியும் பொறுமையும்

பூச்சி வந்த பிறகு மருந்து தேடுவது பழைய வழி. வருமுன் தோட்டத்தை அதற்கு ஒவ்வாததாகச் செய்வது இயற்கை வழி. ஒரே பயிரை நிலமெங்கும் வைக்காமல், வரிசை வரிசையாகப் பல பயிர்களை வையுங்கள். ஓரத்தில் துலுக்கச் சாமந்தியும் ஆமணக்கும் நடுங்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முதலில் அவற்றை நாடும். கத்தரியில் தலை வாடிய குருத்தைக் கண்டால், புழுவோடு சேர்த்துக் கிள்ளி அழித்துவிடுங்கள். வாரம் இருமுறை இதைச் செய்யும் ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள், ஒரு புட்டி நஞ்சைவிடப் பயனுள்ளவை.

தேவைப்படும்போது வேப்பங்கொட்டைக் கரைசல் உண்டு. ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து, நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதிச் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவேண்டும். வேப்பம்பழம் உதிரும் ஆனி, ஆடியில் கொட்டைகளைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளாதவர், மாசியில் அதற்கு ஓடித் திரியவேண்டி வரும். பயிரைத் தேற்றுவதற்குப் பஞ்சகவ்வியத்தைப் பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி என்ற அளவில் தெளிக்கலாம். ஆயினும் இவை துணைப் பொருள்களே. அடியில் எரு இல்லாத நிலத்தில் தெளிக்கும் கரைசல், பட்டினி கிடப்பவனுக்குப் பூசும் சந்தனம் போன்றது.

இவ்வகை அறிவைத் தமிழ் நாட்டு ஊர்களெங்கும் நடந்து நடந்து பரப்பியவர் 2013ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த கோ. நம்மாழ்வார் அவர்கள். அரசு ஆய்வுப் பண்ணைப் பணியை விட்டு வெளியேறி, விவசாயியோடு விவசாயியாக அவர் வாழ்ந்தார். அவர் விட்டுச்சென்ற பணி இன்னும் முடிந்தபாடில்லை.

விற்பனையும் நம்பிக்கையும்

"இயற்கைக் காய்கறி" என்று பலகை எழுதி மாட்டுவது எளிது, வாங்குகிறவர் நம்பவேண்டுமே! தனித்தனியே சான்றிதழ் பெறுவது சிறு விவசாயிக்குச் செலவு மிகுந்த காரியம். இதற்காகவே பங்கேற்பு உறுதியளிப்பு முறை என்ற ஏற்பாடு நம் நாட்டில் உள்ளது. ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறுகிறார்கள். மாறிக்கொண்டிருக்கும் தோட்டத்திற்கு ஒரு சான்று, முழுவதும் மாறிய தோட்டத்திற்கு வேறு சான்று. குழுவில் ஒருவர் இரவில் மருந்தடித்தால் ஐவரின் பெயரும் கெடும். ஆதலால் உறவினர், நண்பர் என்று பாராமல் நேர்மை தெரிந்தவரைச் சேருங்கள். இடுபொருள், கூலி, பறிப்பு, விலை ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். களை பறித்துக் காய் பறிக்கும் வீட்டுப் பெண்களின் உழைப்பையும் கூலியாகவே எழுதுங்கள். அதை எழுதாத கணக்கு இலாபம் காட்டும். ஆனால் அது பொய்க் கணக்கு.

முடிவுரை

எண்பது சென்ட் நண்பரின் கதையை முடிக்காமல் விட்டோம். அவர் விவசாயத்தை விடவில்லை. இரண்டாம் முறை இருபது சென்ட் மட்டும் மாற்றினார். மற்ற அறுபதில் உரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். அக்கம்பக்கத்தார் கூட்டித் தள்ளிய சருகெல்லாம் அவர் குழிக்குச் சென்றது. அடுத்த ஆண்டு இன்னும் இருபது. நான்கு ஆண்டுகள் ஆயின, முழுத் தோட்டமும் மாறுவதற்கு. முதலில் விற்ற மாட்டின் நட்டத்தை அவர் ஒருபோதும் நமது கணக்கில் எழுதவில்லை. நாம்தான் எழுதி வைத்திருக்கிறோம். கடைசியாகச் சந்தித்தபோது, ஆலையில் வேலைக்குப் போகும் அவருடைய மகன் நிலத்தை மனையாக்கலாம் என்கிறான் என்றார். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டோம். "கணக்கு நோட்டை எடுத்துப் படித்துவிட்டுச் சொல் என்றேன். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்" என்றார்.

அந்த நோட்டில் நல்ல கணக்கு இருக்குமானால் நிலம் நிலைக்கும். இல்லாவிடில், நாம் இங்கே எத்தனை கூட்டம் போட்டாலும் நிலைக்காது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கப்பட்டபோது, கிராம சேவகர்கள் ஊர்தோறும் வற்புறுத்திய வேலைகளில் ஒன்று எருக்குழி வெட்டுதல். அந்த எளிய வேலையிலிருந்தே இன்று மறுபடியும் தொடங்குவோம்.

இங்கு வந்துள்ள ஒவ்வொருவரும் இந்த மாசி முடிவதற்குள் மூன்று காரியங்களைச் செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம். ஒன்று, ஓர் எருக் குவியலைத் தொடங்குங்கள். இரண்டு, மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மூன்று, தோட்டத்தில் நான்கில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றத்திற்கு ஒதுக்குங்கள். மற்றவற்றில் அவசரம் வேண்டாம். வைகாசியில் மறுபடியும் இதே இடத்தில் கூடுவோம். அப்போது நாம் பேசமாட்டோம். உங்கள் நோட்டுப் புத்தகங்கள் பேசட்டும்.